ரீச்சர், தூசி ஏன் வெளிச்சத்துக்குள்ள மட்டும் தெரியுது?

1996ஆம் ஆண்டு, வன்னியில் ஒரு கிடுகுக் கொட்டில். 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறி வந்த பெருந்தொகையானவர்களில் நானும் ஒருத்தி. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பௌதிகவியல் இடையில் நின்றுவிட, அம்மாவையும் ஓர் உரப்பையையும் கொண்டுவந்து சேர்ந்த இடத்தில் தொண்டர் ஆசிரியையாக விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். ஒரு கரும்பலகை, எண்ணிச் சில வெண்கட்டிகள், பிள்ளைகள் இருக்கச் சாக்கு. அதுதான் எங்கள் வகுப்பறை, அதுதான் ஆய்வுகூடமும்.

ஒரு நாள் காலை வெயில் ஏறும் நேரம், கிடுகு இடுக்குகளால் ஐந்தாறு ஒளிக்கற்றைகள் சரிந்து விழுந்திருந்தன. அவற்றுக்குள் தூசி மேலும் கீழுமாய் அலைந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் இருந்த பதினொரு வயதுப் பிள்ளை பாடத்தை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசுவதற்கு வாய் திறந்தேன். அதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"ரீச்சர், தூசி ஏன் வெளிச்சத்துக்குள்ள மட்டும் தெரியுது? மற்றப் பக்கம் தூசி இல்லையோ?"

மற்றப் பக்கமும் தூசி உண்டு என்றேன். வெயில் படும் தூசி, தன்மேல் விழும் ஒளியை நாலாபக்கமும் எறிகிறது. அதில் கொஞ்சம் எங்கள் கண்ணுக்கு வந்து சேர்கிறது. இதைத்தான் ஒளிச்சிதறல் என்கிறோம். தூசியே இல்லாவிட்டால் அந்தக் கற்றையையும் பக்கத்தில் இருந்து பார்க்க முடியாது. இவ்வளவும் சொன்னேன். "அப்ப தூசியாலதான் வெளிச்சம் தெரியுது" என்றாள். சரி என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பினேன்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு உலகத்தில் பல ஆய்வுகூடங்கள் இன்றும் வேலை செய்கின்றன என்பது அப்போது எனக்கே சரியாகத் தெரியாது. பின்னர் வெளிவாரியாகப் பட்டப்படிப்பை முடித்து, நிரந்தர ஆசிரியையாகி, இணையம் கைக்கு எட்டிய பிறகுதான் ஒவ்வொன்றாக அறிந்தேன். விண்வெளித் தூசியை ஆராய்பவர்கள் பெரும்பாலும் அதைக் கையால் தொட்டவர்கள் அல்லர். தூசி எறியும் ஒளியைப் பார்த்தே அதன் பருமனையும் வடிவத்தையும் கணக்கிடுகிறார்கள்.

எப்படி என்று கேட்பீர்கள். காலையில் கிழக்கு நோக்கிப் போகும் பஸ்ஸில் முன்கண்ணாடியைப் பாருங்கள். வெயில் முகத்துக்கு நேரே அடிக்கும்போது கண்ணாடியில் உள்ள தூசி முழுவதும் பளபளத்து, சாரதிக்குத் தெருவே தெரியாமற் போகும். வெயிலுக்கு முதுகைக் காட்டி பஸ் ஓடும்போது அதே தூசி இருப்பதே தெரியாது. ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரிய துணிக்கைகள் தம்மேல் விழும் ஒளியின் பெரும்பகுதியை முன்னோக்கியே எறியும். அலைநீளத்தைவிட மிகச் சிறியவை எல்லாப் பக்கமும் எறியும். அதிலும் நீலத்தைக் கூடுதலாக எறியும். காய்ந்த விறகின் நுனியில் எழும் மெல்லிய புகை நீலமாகத் தெரிவதும், ஈரப் பொச்சுமட்டையின் புகை வெள்ளையாகத் தெரிவதும் இதனால்தான். வானம் நீலமாக இருப்பதற்கு றேலி என்ற ஆங்கிலேயர் 1871இல் சொன்ன விளக்கமும், உருண்டையான துணிக்கை எந்தப் பருமனில் இருந்தாலும் பொருந்தும்படி குஸ்தாவ் மீ என்ற ஜேர்மானியர் 1908இல் எழுதிய கணக்கும் எங்கள் அடுப்படிக்கும் பொருந்தும்.

ஆனால் தூசி உருண்டையாக இருப்பதில்லை. அது பிட்டுப் போலக் கட்டிபட்டும், அப்பளம் போலத் தட்டையாகவும், கரி போல ஓட்டைகளோடும் இருக்கும். அதற்கான கணக்கு இன்றும் சிக்கலானது. இந்தத் துறையில் வேலை மிச்சம் இருப்பதும் அதனால்தான்.

வன்னியில் மின்சாரம் இல்லாமல் இருந்த அந்த நாட்களில் அதிகாலையில் கிணற்றடிக்குப் போன சகோதரிகளுக்கு ஒன்று நினைவிருக்கலாம். நிலவில்லாத காலத்தில் கிழக்கே அடிவானத்திலிருந்து ஒரு மங்கல் வெளிச்சம், கூம்பு போல மேலே எழுந்து நிற்கும். விடிந்துவிட்டது என்று எழும்பினால் விடிய இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும். சூரியனைச் சுற்றி, கோள்கள் ஓடும் தளத்தில் பரவிக் கிடக்கும் தூசியில் சிதறி வரும் வெயில் அது. வால்வெள்ளிகளும் சிறுகோள்களும் உதிர்த்த தூசி. 1683இல் கசினி என்ற வானியலாளர் இதை முறையாக அவதானித்து எழுதினார். இன்று பெரிய நகரங்களில் உள்ளவர்களுக்கு இதைக் காணக் கிடைப்பதில்லை. எங்களுக்கு இருட்டு மட்டும் தாராளமாகக் கிடைத்தது. அதற்குள் இதுவும் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

இந்த ஒளியை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த பெண்மணி ஒருவர் பிரான்சில் இருந்தார். பெயர் அனி-ஷாந்தால் லெவாசர்-ரெகூர். 1986 மார்ச்சில் ஜியோட்டோ விண்கலம் ஹலி வால்வெள்ளிக்கு ஏறத்தாழ 600 கிலோமீற்றர் அருகில், செக்கனுக்கு 68 கிலோமீற்றர் வேகத்தில் கடந்து சென்றபோது, வால்வெள்ளியின் தூசியிலிருந்து வரும் ஒளியை அளந்த கருவிக்கு அவரே பொறுப்பாக இருந்தார். அந்தப் பயணத்தில் ஒரு தூசித் துணிக்கை மோதியதில் விண்கலமே தள்ளாடியது. பூமியில் தூசி கீழே விழுந்துவிடும், விண்வெளியில் விழாது. ஆகவே அவரும் சக ஆய்வாளர்களும் விமானத்தில் ஏறி, அது மேலெழுந்து வளைந்து இறங்கும்போது கிடைக்கும் ஏறத்தாழ 22 செக்கன் நிறையின்மையில் தூசியை மிதக்கவிட்டு அளந்தார்கள். 2022இல் அவர் காலமானார். ஒரு சிறுகோளுக்கு அவருடைய பெயர் இடப்பட்டிருக்கிறது.

ஸ்பெயினில் கிரனாடா நகரத்தில் உள்ள அந்தலூசியா வானியற்பௌதிக நிறுவனத்தில் ஒல்கா முனோஸ் என்ற பெண் விஞ்ஞானியின் ஆய்வுகூடம் இருக்கிறது. அங்கே எரிமலைச் சாம்பல், பாலைவனத் தூசி, விண்கற்பொடி போன்றவற்றை மெல்லிய காற்றோடு ஊதி ஒரு லேசர் கற்றைக்குள் விடுகிறார்கள். உணரி ஒன்று சுற்றிவந்து, எந்தக் கோணத்தில் எவ்வளவு ஒளி வருகிறது என்று அளக்கிறது. அதைப் பற்றி வாசித்தபோது எனக்குக் கிடுகுக் கொட்டில்தான் ஞாபகம் வந்தது. அந்த அளவீடுகளை, முன்னர் அம்ஸ்ரடாமில் எடுத்தவற்றையும் சேர்த்து, இணையத்தில் யாரும் எடுக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். கணக்குப் போடும் கணினி நிரல்களும் அப்படித்தான். உக்ரைனில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த மிஷ்செங்கோ எழுதியவை, ட்ரெய்ன், ஃபிளாட்டா என்ற இருவரும் சேர்ந்து எழுதியது, எல்லாமே இலவசம். மடிக்கணினியும் ஆங்கிலமும் வேண்டும். இவை இரண்டும் சிறிய தடைகள் என்று நான் சொல்லமாட்டேன்.

சரி, மடிக்கணினியோடு பொறுமை மட்டும் உள்ளவருக்கு இதில் இடம் உண்டா? உண்டு என்று காட்டிய ஒரு வேலை நடந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1999இல் ஸ்ராடஸ்ற் என்ற விண்கலம் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டது. ரெனிஸ் மட்டை போன்ற சட்டகம் ஒன்றில், ஏரோஜெல் என்னும், கிட்டத்தட்ட முழுவதும் காற்றாலான, உறைந்த புகை போலத் தெரியும் பொருளை அடுக்கிக் கொண்டு போயிருந்தார்கள். வேகமாக வரும் தூசி அதற்குள் மெல்ல மெல்ல அமிழ்ந்து நின்றுவிடும். சட்டகத்தின் ஒரு முகம் 2004 ஜனவரியில் வில்ட்-2 என்ற வால்வெள்ளியின் தூசியைப் பிடித்தது. மறு முகம் எங்கள் சூரிய குடும்பத்துக்கு வெளியே, நட்சத்திரங்களுக்கு இடையிலிருந்து வரும் தூசிக்காகத் திறந்து வைக்கப்பட்டிருந்தது. 2006 ஜனவரி 15 அன்று அந்தப் பெட்டி பரசூட்டில் யூற்றா பாலைவனத்தில் வந்து இறங்கியது. வால்வெள்ளித் தூசி நிறையவே கிடைத்தது. ஜேமி எல்சிலா என்ற பெண் விஞ்ஞானியின் குழு, அதில் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருப்பதை 2009இல் அறிவித்தது. எங்கள் உடலில் உள்ள புரதங்களைக் கட்டும் கற்களில் அதுவும் ஒன்று.

மறுமுகம்தான் சிக்கல். ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவான துணிக்கைகள், அதுவும் சில டசின் மட்டுமே இருக்கக்கூடும். எங்கே இருக்கின்றன, எப்படித் தோற்றமளிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அப்படி ஒன்றை அதுவரை யாரும் கண்டதில்லை. ஆகவே கணினிக்கு 'இப்படி இருப்பதைத் தேடு' என்று சொல்லிக் கொடுக்கவும் வழியில்லை. பேர்க்லியில் இருந்த அன்ட்ரூ வெஸ்ற்பால் குழுவினர் ஏரோஜெல்லை நுணுக்குக்காட்டியால் துண்டு துண்டாகப் படம்பிடித்து, 2006 ஓகஸ்ற்றில் இணையத்தில் போட்டுப் பொதுமக்களை உதவிக்கு அழைத்தார்கள். பட்டம் கேட்கவில்லை, வயது கேட்கவில்லை. சிறு பயிற்சி ஒன்றும் ஒரு பரீட்சையும் மட்டுமே. பார்ப்பவர் கவனமாகப் பார்க்கிறாரா என்று அறிய, விடை தெரிந்த படங்களையும் இடையிடையே கலந்து விட்டார்கள். அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலை, ஆனால் ஆயிரம் சுளகு பார்த்தாலும் ஒரு கல் கிடைக்காது.

முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். 2014இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் முடிவு வெளியானது. நட்சத்திரங்களுக்கு இடையிலிருந்து வந்திருக்கக் கூடியவை என்று ஏழு துணிக்கைகள் அடையாளம் காணப்பட்டிருந்தன. அவற்றில் ஓரியன், ஹைலாபுறூக் என்ற இரண்டின் தடங்களைக் கண்டுபிடித்துப் பெயரும் வைத்தவர்கள் அந்தத் தொண்டர்கள்தான். கட்டுரையாசிரியர் வரிசையில், ஆய்வாளர்களின் பெயர்களுக்குப் பக்கத்தில், தூசி தேடிய அந்த முப்பதாயிரம் பேரையும் ஒன்றாகச் சேர்த்துக் குறிப்பிட்டிருந்தார்கள்.

இதைக் கடந்த வருடம் ஒருத்திக்குச் சொன்னேன். கொட்டிலில் முன்வரிசையில் இருந்த அதே பிள்ளை. அவளுக்கு இப்போது நாற்பது வயது நெருங்குகிறது. உயர்தரத்தில் கணிதம் எடுத்து, பரீட்சை எழுத முடியாமற் போனவள். 2009இல் கணவனை இழந்தாள். கையில் இரண்டு வயதுப் பெண்குழந்தை. பிறகு கண்ணிவெடி அகற்றும் பணியில் சேர்ந்து, பத்து வருடத்துக்கு மேல் முழங்காலில் இருந்து மண்ணைப் பார்த்தே பிள்ளையை வளர்த்தவள்.

ஏழு துணிக்கைக்கு முப்பதாயிரம் பேரா என்று சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எங்கட வேலையும் உதுதானே ரீச்சர். ஒண்டுமில்லை எண்டு உறுதியாத் தெரியுமட்டும் பாக்கிறது."

பிறகு கேட்டாள்: "இந்த வயசில எனக்கு உதுக்குள்ள போக ஏலுமோ? இல்லாட்டி மகளுக்குத்தானோ?"

உடனே பதில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. 'படி, முன்னேறு' என்று சொல்லிவிட்டுப் போவது இலகு. சம்பளத்தை விட்டுவிட்டு யார் படிப்பது? அவளுக்கு நான் பிறகு சொன்னதை, இதே கேள்வி உள்ள மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

இலண்டனில் பிரையன் மே என்பவர் 1970இல் இந்தக் கிழக்கு வானத் தூசி ஒளி பற்றியே கலாநிதிப் பட்ட ஆய்வைத் தொடங்கினார். 1974இல் படிப்பை நிறுத்திவிட்டுக் கிற்றார் வாசிக்கப் போய்விட்டார். 'குயீன்' இசைக்குழுவின் கிற்றார் கலைஞர் அவர்தான். முப்பது வருடங்களுக்கு மேல் கழித்துத் திரும்பி வந்து, 2007இல் அதே தலைப்பில் ஆய்வை முடித்துப் பட்டம் பெற்றார். இடையில் அந்த விடயத்தில் அதிகம் பேர் வேலை செய்யாததால், அவருடைய பழைய அவதானிப்புகளுக்கு அப்போதும் பெறுமதி இருந்தது. அவரிடம் பணமும் புகழும் இருந்தன, எங்களிடம் இல்லை என்று அவள் சொன்னாள். உண்மைதான். அவர் படிப்பை நிறுத்தியது விருப்பத்தோடு, எங்களுடையது அப்படியல்ல. ஆனாலும் முப்பது வருடத்துக்குப் பிறகும் அந்தத் துறைக்குள் திரும்ப இடம் இருந்தது என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

எங்கள் நாட்டில், உயர்தரம் சித்தியடையாதவர்களுக்கும் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் அடிப்படைக் கற்கைநெறி வழியாக நுழைய இடம் உண்டு. வேலை செய்துகொண்டே படிக்கலாம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அதற்கு நிலையங்கள் இருக்கின்றன. மகளுக்கென்றால் உயர்தரத்தில் கணிதப் பிரிவு, பின்னர் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல். அதற்கு மேல் ஐரோப்பாவில் முதுமாணிப் படிப்புக்கு எரஸ்மஸ் முண்டுஸ் போன்ற புலமைப்பரிசில்கள் உண்டு, இலங்கையர்களும் விண்ணப்பிக்கலாம். விண்வெளி என்றதும் கொழும்பையும் தாண்டிய விடயம் என்று பயப்பட வேண்டாம். நட்சத்திரங்களுக்கு இடையிலுள்ள தூசியில் கரி இருக்கவேண்டும் என்று 1962இல் பிரெட் ஹொய்லுடன் சேர்ந்து எழுதியவர், 1939இல் கொழும்பில் பிறந்து இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துப் போன சந்திர விக்கிரமசிங்கதான். பிற்காலத்தில் அந்தத் தூசியில் உயிரே இருக்கிறது என்று அவர் சொன்னதைப் பெரும்பாலான விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. கரி பற்றிச் சொன்னது நிலைத்தது.

இன்னொன்று, இது கைக்கு எட்டிய தொழில். காற்றில் உள்ள நுண்தூசியை அளக்கும் சிறிய கருவிகளில் பெரும்பாலானவை வேலை செய்வதும் இந்த ஒளிச்சிதறலால்தான். ஒரு சின்ன விசிறி காற்றை இழுக்கும், ஒரு லேசர் அதன் குறுக்கே அடிக்கும், சிதறும் ஒளியைக் கருவி கணக்கெடுக்கும். புகை நிறைந்த குசினியில் நாங்கள் சுவாசிப்பது எவ்வளவு என்று எண்ணால் சொல்லக் கூடியது அது. வால்வெள்ளிக்குப் படித்த கணக்கு எங்கள் நெஞ்சுச் சளிக்கும் உதவும் என்று அவளுக்குச் சொன்னபோதுதான் அவள் நன்றாகச் சிரித்தாள்.

அவளுடைய மகளுக்கு இவ்வளவு பொறுமை இருக்கவில்லை. உடனே ஏதாவது செய்யவேண்டும் என்றாள். அவளுக்கு நோர்வேயைச் சேர்ந்த யோன் லார்சன் என்பவரின் கதையைச் சொன்னேன். அவரும் இசைக்கலைஞர்தான். விண்தூசிக்கும் கிற்றாருக்கும் என்ன உறவோ தெரியாது. நகரத்துக் கூரைப் பீலிகளில் தேங்கும் மண்ணில் விண்வெளித் தூசியைத் தேட முடியாது என்று விஞ்ஞானிகள் நம்பியிருந்த காலத்தில், இவர் காந்தத்தால் இழுத்து, கழுவி, அரித்து, வருடக்கணக்காகத் தேடினார். 2017இல் இலண்டன் விஞ்ஞானி மத்தியூ கெஞ்ச் குழுவினரோடு சேர்ந்து, ஏறத்தாழ 300 கிலோ பீலி மண்ணில் 500 விண்துணிக்கைகள் கிடைத்ததாக வெளியிட்டார். அந்தாட்டிக்காவில் பனியை உருக்கிக் கணக்கிட்ட பிரெஞ்சு ஆய்வாளர்கள், வருடத்துக்கு ஏறத்தாழ 5,200 தொன் இப்படிப்பட்ட துணிக்கைகள் பூமியில் வந்து விழுகின்றன என்று 2021இல் சொன்னார்கள். எங்கள் கூரையிலும் விழத்தானே வேண்டும்.

செய்ய விரும்பும் சகோதரிகளுக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. நிலத்தில் தேட வேண்டாம். எங்கள் மண்ணில் காந்தத்தில் ஒட்டுவது எல்லாம் வானத்திலிருந்து தூசியாய் விழுந்ததல்ல. அறியாத உலோகப் பொருளைக் கண்டால் தொடாமல் விலகி, பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். அஸ்பெஸ்ரஸ் சீற் போட்ட கூரையின் பீலியையும் விட்டுவிடுங்கள். அதன் தூசி நெஞ்சுக்கு ஆகாது. ஓட்டு வீட்டுப் பீலி மண் போதும்.

அவர்கள் வீடு மீள்குடியேற்றத்தில் கட்டிய ஓட்டு வீடு. மழை விட்ட ஒரு சனிக்கிழமை தாயும் மகளும் பீலியை வழித்து, மண்ணை வாளியில் கழுவிக் காயவைத்தார்கள். பொலித்தீன் பைக்குள் போட்ட காந்தத்தை அதன்மேல் இழுத்தார்கள். ஒட்டியதைத் தேத்தண்ணி வடியில் அரித்து ஒரு பேணியில் கொண்டுவந்தார்கள். பாடசாலை நுணுக்குக்காட்டியில் மூவரும் மாறி மாறிப் பார்த்தோம். பார்ப்பதில் தாய்தான் கெட்டிக்காரி. நானும் மகளும் ஒரு மணித்தியாலத்தில் கண் வலித்து எழும்பிவிட்டோம். அவள் ஊசி நுனியால் ஒவ்வொன்றாய்த் தள்ளித் தள்ளி, பிற்பகல் முழுவதும் இருந்தாள்.

உருண்டையானவை ஒன்பது கிடைத்தன. எட்டு வழுவழுப்பானவை. தெருமுனையில் வெல்டிங் கடை இருக்கிறது, அங்கிருந்து பறந்து வந்த தீப்பொறிகளாக இருக்கவே இடமுண்டு. ஒன்பதாவதின் மேல் பன்னை இலை போல மெல்லிய கோடுகள் தெரிகின்றன. வளிமண்டலத்தில் உருகி இறுகிய துணிக்கைகளில் இப்படி இருக்கும் என்று வாசித்திருக்கிறேன். ஆனால் இந்த நுணுக்குக்காட்டியை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. உள்ளே என்ன மூலகங்கள் என்று அறிய இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும். மகள் அதைக் கண்ணாடித் தட்டில் ஒட்டி, திகதியும் எழுதி, பஞ்சு வைத்த நெருப்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். யாரிடம் கொண்டுபோய்க் காட்டலாம் என்று பல்கலைக்கழகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். முதல் வரியைத் தாய்தான் சொன்னாள், மகள் எழுதினாள், எழுத்துப்பிழை பார்த்தது நான்.